ஓடுவதற்கும் சீட்டா?

"ஓடுவதற்கும் சீட்டு வாங்க வேண்டுமா?"

என் அக்காள் இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

அவள் சிரித்ததில் தப்பு இல்லை. பஸ்ஸுக்குச் சீட்டு உண்டு. சினிமாவுக்குச் சீட்டு உண்டு. வேர்க்க விறுவிறுக்க ஓடுவதற்கு, பல ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்குவார்களா? அதற்கும் அடிதடி நடக்குமா?

நடக்கிறது. அவளுடைய மகனே அந்தச் சீட்டுக்காக ஓர் இரவு தூங்காமல் கிடந்தான். அப்படியும் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர் திருநாவலூர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுந்தரர் பிறந்த ஊர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். அக்காள் மகனுக்கு வயது 24. ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறான். நீச்சல் கற்றது கழனிக் கிணற்றில். சைக்கிள், பதினோராம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. ஓட்டத்துக்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. கால் இருக்கிறது, ரோடு இருக்கிறது, ஓடுகிறான்.

இந்த மூன்றையும் சேர்த்து ஒரு போட்டி இருக்கிறது என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பையனுக்குத் தூக்கம் போயிற்று.

இரும்பு மனிதர்கள்

போட்டியின் பெயர் டிரையத்லான். முதலில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிள் மிதிக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். நடுவே உட்கார்ந்து இளைப்பாறினால், அந்த நேரமும் கணக்கில் சேரும்.

இதில் பெரிய போட்டிக்கு "அயர்ன்மேன்" என்று பெயர். இரும்பு மனிதன் என்று பொருள். பெயர்தான் மனிதன். பெண்களும் கலந்துகொள்கிறார்கள்.

கடலிலோ ஏரியிலோ 3.8 கிலோமீட்டர் நீச்சல். பிறகு 180 கிலோமீட்டர் சைக்கிள். சென்னையிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அதையும் தாண்டி இன்னும் 20 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு விட்டார்களா? 42.2 கிலோமீட்டர் ஓட்டம் பாக்கி இருக்கிறது. எல்லாவற்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

இதில் பாதி தூரத்துக்கும் ஒரு போட்டி உண்டு. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரம் கொடுப்பார்கள். நீச்சலை மட்டும் 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தவறினால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள்.

இது எப்படிப் பிறந்தது தெரியுமா? ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது!

அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி இருந்தார். நீச்சல்காரனுக்குத் தெம்பு அதிகமா, ஓட்டக்காரனுக்கா, சைக்கிள்காரனுக்கா என்று பேச்சு வந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காலின்சும் அவர் மனைவி ஜூடியும் ஒரு யோசனை செய்தார்கள். தீவில் அப்போது நடந்துவந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் போட்டிகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரே நாளில் மூன்றையும் செய்து பார்த்துவிடலாம் என்றார்கள்.

1978 பிப்ரவரி 18-ந்தேதி முதல் போட்டி நடந்தது. புறப்பட்டவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். முதலில் வந்தவர் கார்டன் ஹாலர். 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முடித்தார்.

அன்றைக்குச் சீட்டுச் சண்டை இல்லை. வந்தவர்கள் ஓடினார்கள், அவ்வளவுதான்.

பிறகு டெலிவிஷனில் இதைக் காட்டினார்கள். 1982-ல் ஜூலி மாஸ் என்ற கல்லூரிப் பெண், முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கால் துவண்டு விழுந்தாள். எழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். பின்னால் வந்தவள் முந்திக்கொண்டாள். இவள் மண்டியிட்டு, தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டாள். அதைப் பார்த்த பலருக்கும் "நாமும் போக வேண்டும்" என்ற ஆசை வந்தது.

ஆசைப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். இடமோ கொஞ்சம். சீட்டுக்கு அடிதடி அங்கேதான் ஆரம்பமாயிற்று.

மூன்று வாசல்கள்

இன்று இப்படிப்பட்ட போட்டிகளில் நுழைய மூன்று வாசல்கள் இருக்கின்றன.

ஒன்று, முந்திக்கொள்கிறவனுக்குச் சீட்டு. ஜெர்மனியில் ரோத் என்று ஓர் ஊர். ஏறத்தாழ 25 ஆயிரம் ஜனங்கள். நம் உளுந்தூர்பேட்டை மாதிரிதான். அங்கே ஆண்டுதோறும் நடக்கும் இந்தப் போட்டி உலகப் புகழ் பெற்றது. 2024-ல் மாக்னஸ் டிட்லெவ் என்ற டென்மார்க்காரர் முழுத் தூரத்தையும் 7 மணி 23 நிமிடம் 24 விநாடியில் அங்கே முடித்தார். ஹாலரைவிட நான்கு மணி நேரத்துக்கு மேல் குறைவு!

அந்த ஊர்ப் போட்டிக்கு இன்டர்நெட்டில் சீட்டுப் பதிவு தொடங்கினால், ஒரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. தட்கல் டிக்கெட் எடுக்கப்போய் ஏமாந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஆனால் ரோத்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள். போட்டி முடிந்த மறுநாள், நேரில் வந்து வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு பங்கு சீட்டு கொடுக்கிறார்கள். முந்தின இரவே பாயும் போர்வையுமாக வந்து கிடப்பவர்கள் உண்டு. வேகமான கம்ப்யூட்டர் இல்லாதவனுக்கும் அங்கே ஒரு வழி இருக்கிறது.

இரண்டாவது வாசல், தகுதி. ஹவாயில் நடக்கும் உலகப் போட்டிக்கு வேறு ஒரு போட்டியில் நல்ல நேரத்தில் முடித்துத்தான் போக முடியும். வயதையும் கணக்கில் கொண்டு இடம் ஒதுக்குவார்கள். பரிசளிப்பு நடக்கும் இடத்தில் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆள் வந்து "எனக்கு வேண்டும்" என்று சொல்லி அங்கேயே பணம் கட்ட வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். கட்டணம் மட்டும் 1000 டாலருக்கு மேல். விமானச் செலவு தனி. உடம்பில் தகுதி இருந்து பையில் தகுதி இல்லாதவன், தன் பெயர் கூப்பிடப்படுவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, குலுக்கல். இதில் ஒரு வேடிக்கை நடந்தது.

ஹவாய்ப் போட்டிக்குச் சில இடங்களைக் குலுக்கலில் கொடுத்துவந்தார்கள். தகுதி பெற முடியாதவர்களுக்கும் ஒரு வாய்ப்பு என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் குலுக்கலில் பெயர் போடுவதற்கே 50 டாலர் வாங்கினார்கள். பெயர் விழாவிட்டால் பணம் திரும்ப வராது. 2015-ல் அமெரிக்க அரசாங்க வக்கீல்கள் குறுக்கே வந்தார்கள். காசு வாங்குகிறாய், பரிசு வைக்கிறாய், யாருக்கு என்பதை அதிர்ஷ்டத்தின் மேல் விடுகிறாய்; இதற்குப் பெயர் லாட்டரி, சட்டப்படி குற்றம் என்றார்கள். போட்டியை நடத்திய கம்பெனி 27 லட்சம் டாலருக்கு மேல் அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. குலுக்கலும் நின்றது.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரிச் சீட்டை ஒழித்தார்கள். சம்பளம் வாங்கிய அன்றே சீட்டுக் கடைக்குப் போனவர்களின் வீட்டுக் கதை நமக்குத் தெரியும். ஆகவே அமெரிக்காவின் வழக்கு நமக்கு விளங்காத விஷயம் அல்ல.

கோவாவுக்குப் போகும் வழி

இந்தியாவில் இந்தப் பெயரில் பாதித் தூரப் போட்டி முதல் முறையாக 2019 அக்டோபர் 20-ந்தேதி கோவாவில், பணஜி மிராமர் கடற்கரையில் நடந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். முதலாவதாக வந்தவர் மணிப்பூரைச் சேர்ந்த ராணுவ வீரர் பிஷ்வர்ஜித் சாய்கோம். கொரோனாவினால் இரண்டு ஆண்டுகள் நடக்கவில்லை. 2022-ல் மறுபடியும் தொடங்கி, ஆண்டுதோறும் நடந்துவந்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் போகிறார்கள்.

போகிறவர்கள் பெரும்பாலும் யார்? டாக்டர்கள், கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகஸ்தர்கள், அதிகாரிகள், வியாபாரிகள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பழகுகிறார்கள். பாராட்ட வேண்டும்.

ஆனால் முதலாவதாக வந்தவர் ஒரு சிப்பாய் என்பதையும் பாருங்கள். படையில் இருப்பவருக்குச் சாப்பாடும் பயிற்சியும் கிடைக்கும். போட்டிக்கு அனுப்பி வைக்கவும் ஆள் உண்டு. கிராமத்துப் பையனிடம் உடம்பு இருக்கிறது. அனுப்பி வைக்கத்தான் ஆள் இல்லை.

என் அக்காள் மகன் கதைக்கு வருகிறேன்.

ஒரு போட்டிக்குச் சீட்டுப் பதிவு ஒருநாள் தொடங்கியது. முதலில் பதிவு செய்கிறவர்களுக்குக் கட்டணம் குறைவு. நாள் ஆக ஆகக் கட்டணம் ஏறும். பையன் எட்டு மாதம் சேர்த்த பணம், முதல் கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. அவனிடம் அதற்கு வேண்டிய கார்டு இல்லை. தெரிந்த வாத்தியார் ஒருவர் தம் கார்டைக் கொடுத்தார். ரகசிய எண் வாத்தியாரின் போனுக்கு வரும். வாத்தியார் அன்று உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்தில் போன் அடித்தது அவர் காதில் விழவில்லை.

யார்மேல் குற்றம்? யார்மேலும் இல்லை. மறுநாள் பார்த்தால் குறைந்த கட்டணம் தீர்ந்துவிட்டது. அடுத்த கட்டணத்துக்குப் பணம் போதவில்லை. கடன் வாங்கி வருவதற்குள் அதுவும் தீர்ந்தது.

"மாமா, நீச்சலில் தோற்றால் பரவாயில்லை. போனில் தோற்றுவிட்டேனே!" என்றான்.

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

இதில் ஓர் அநியாயத்தைக் கவனித்தீர்களா? கையில் பணம் தயாராக வைத்திருப்பவனுக்குக் கட்டணம் குறைவு. கடன் வாங்கிக்கொண்டு வருகிறவனுக்கு அதிகம்! மளிகைக் கடையில்கூட இப்படிச் செய்தால் ஊர் சும்மா இருக்காது.

ஓலையும் சீட்டும்

எங்கள் ஊருக்கும் சீட்டுக்கும் பழைய சம்பந்தம் உண்டு.

சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம் நடக்க இருந்தது. கிழவர் ஒருவர் பந்தலுக்குள் வந்தார். "நீ எனக்கு அடிமை. இதோ உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை" என்றார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது நகல்தான், மூல ஓலை இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் காட்டி வழக்கில் வென்றார். வந்தவர் சிவபெருமான் என்பது கதை.

அந்த ஓலை ஆளைத் தேடிக்கொண்டு வந்தது. இந்தக் காலத்துச் சீட்டை நாம் தேடிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. நகலும் கிடையாது. உடம்பு சரியில்லை என்றால்கூடப் பெரும்பாலான போட்டிகளில் சீட்டை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

இன்னொரு ஓலையும் உண்டு. பராந்தக சோழன் மகன் ராசாதித்தன் படையோடு எங்கள் ஊரில் தங்கியிருந்தான். எங்கள் கோயில் கல்வெட்டுகளில் அவன் பெயர் இருக்கிறது. 949-ல் தக்கோலப் போரில் மாண்டவன் அவன்தான். அவன் தகப்பன் காலத்தில்தான், 919-லும் 921-லும், உத்திரமேரூரில் குடவோலை முறையைக் கல்லில் வெட்டினார்கள்.

ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்க வேண்டும். தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு ஒரு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைக்கக் கூடாது அல்லவா! பிறகு எல்லோரும் கேட்கும்படி வாசிப்பார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் பதவியில் இருந்தவருக்கு மறுபடியும் இடம் இல்லை. கணக்குக் காட்டாதவருக்கும் இல்லை. அவருடைய சொந்தக்காரர்களுக்கும் இல்லை.

பெருமைதான். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். குடத்தில் பெயர் போடவே வரி கட்டுகிற கால் வேலி நிலம் இருக்க வேண்டும். வேதம் படித்தவர் என்றால் அரைக்கால் வேலி போதும். நிலம் இல்லாதவன் பெயர் குடத்துக்குப் பக்கத்திலேயே வர முடியாது. சிறுவன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும், ஏழையின் ஓலை எப்படி வரும்? குடத்துக்குள் அது இல்லையே!

இன்றைக்கு நடப்பதும் அதே கதை. கார்டு, வேகமான போன், பல ஆயிரம் கட்டணம். இவைதான் இந்தக் காலத்துக் கால் வேலி நிலம்.

என் யோசனை

எல்லாவற்றையும் இலவசமாக்கு என்று நான் சொல்லவில்லை. கடலில் படகு நிறுத்த வேண்டும். உயிர் காப்போர் வேண்டும். ரோட்டை அடைக்க வேண்டும். டாக்டர், ஆம்புலன்ஸ், குடிதண்ணீர் வேண்டும். செலவு ஆகத்தான் செய்யும்.

நூற்றுக்கு இரண்டு இடத்தை மட்டும் ஒதுக்கி வைக்கட்டும். ஆயிரம் பேர் ஓடுகிற போட்டியில் 20 இடம். அந்த இருபதுக்கும் கட்டணம் வாங்காமல், மாவட்டங்களில் சோதனை நடத்தி ஆள் எடுக்கட்டும். நீச்சல் குளத்தில் 1.9 கிலோமீட்டர். எந்தச் சைக்கிளிலாவது குறிப்பிட்ட தூரம். பிறகு ஓட்டம். கடிகாரம் யார் மகன் என்று பார்க்காது. நேரத்தில் சமமாக வந்தவர்கள் அதிகம் என்றால் அங்கே குடவோலை போடலாம், காசு வாங்காமல்.

இருபது பேருக்கான செலவை மற்ற 980 பேர் மேல் பங்கிட்டுப் பாருங்கள். ஒருவருக்கு, கட்டணத்தில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம்தான் கூடும். லட்சக்கணக்கில் விலை போட்டுச் சைக்கிள் வாங்குகிறவர்கள் இதற்கு முகம் சுளிப்பார்களா? மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

மாவட்டச் சோதனை நடத்த ஆள் இல்லையா? முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளை மாவட்டந்தோறும் நடத்தியவர்கள் இருக்கிறார்கள். போட்டிக்குப் போகும் வீரர்களுக்கு உதவவே தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை 2023-ல் தொடங்கப்பட்டது. ரயில் செலவுக்கு அங்கே கேட்கலாம்.

"வயலில் வேலை கிடக்க, இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு. நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். கிரிக்கெட்டும் ஒரு காலத்தில் துரைமார் விளையாட்டுத்தான். நம் பிள்ளைகள் தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். இப்போது அப்படி யாராவது சொல்கிறார்களா?

இன்னொரு கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிணற்றில் நீந்தியவனைக் கடலில் இறக்கலாமா? கூடாது. கிணற்றில் சுவர் இருக்கிறது. களைத்தால் பிடித்துக்கொள்ளலாம். கடலில் அலை முகத்தில் அடிக்கும். நூற்றுக்கணக்கான கால்கள் பக்கத்தில் உதைக்கும். அக்காள் பயப்படுவது நியாயம். அதனால்தான் சோதனை வேண்டும் என்கிறேன். சோதனையில் தேறியவர்களைப் பயிற்சியாளரோடு கடலில் சில வாரம் பழக்க வேண்டும். டாக்டர் நெஞ்சைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது இருக்கிற முறையில், பணம் கட்டியவன் எங்கே நீந்தப் பழகினான் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

பையன் நிறுத்தவில்லை. கெடிலத்தில் தண்ணீர் ஓடுவது மழைக்காலத்தில்தான். மற்ற நாளில் கிணறுதான். கிணற்றின் அகலத்தை அளந்து, 1.9 கிலோமீட்டருக்கு எத்தனை தடவை குறுக்கே போக வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். கிணற்று மேட்டில் உட்கார்ந்து அக்காள்தான் எண்ணுகிறாள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைக்கிறாள். போன வாரம் எண்ணிக்கை தப்பிவிட்டது. "முதலிலிருந்து நீந்து" என்று சொல்லிவிட்டாள்.